மட்டை பிடித்த கை சோறு போடுமா?

(பெண் பிள்ளைகளும் விளையாட்டும் எனும் தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"பெண் பிள்ளைக்கு விளையாட்டு ஒரு தொழிலாகுமா?" என்பது எனக்குத் தரப்பட்ட கேள்வி. ஆகும் என்று சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்குவது எளிது. ஆனால் அந்தக் கைதட்டல் எந்தப் பிள்ளைக்கும் பஸ் காசு கொடுக்காது. ஆகவே, அந்தத் தொழில் எப்படிப்பட்டது, அதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, அதற்கு வீட்டிலும் பள்ளியிலும் என்ன தயாராக இருக்க வேண்டும் என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட விளையாட்டு ஸ்குவாஷ் எனப்படும் சுவர்ப்பந்து. காரணம், உலகத்தின் உச்சியில் ஒரு மலேசியப் பெண் ஒன்பது ஆண்டுகள் அசையாமல் அமர்ந்திருந்த விளையாட்டு அது.

முதலில் எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, தென்னமரம், ஈஜோக், ஜெராம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா, அதற்கு அப்பால் உலு சிலாங்கூர் பக்கம் களும்பாங், கெர்லிங் வரை தோட்டங்கள் நிறைந்த பகுதி இது. தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே வணிக முறையில் செம்பனை நட்டார். இந்த நாட்டின் செம்பனைத் தொழில் அங்கேதான் தொடங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர் என்பதைக் கவனியுங்கள். காட்டை அழித்ததும், மரம் நட்டதும், பால் மரம் வெட்டியதும், குலை தள்ளியதும் நம் ஆட்கள்தான்.

அந்தத் தோட்டங்களில் கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஒரு திடலும் இருந்தது. மாலையானால் பந்து உருளும். தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துப் போட்டி நடக்கும். திடலைச் சுற்றிப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆடுவது ஆண் பிள்ளைகள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பலர் தாமான்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். திடல் போனது. பிள்ளைகள் நான்கு சுவருக்குள் வந்தார்கள்.

மூன்றாம் படிவத்தில் நின்றுபோகும் ஓட்டம்

இன்றும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளைகள் சிட்டாகப் பறக்கிறார்கள். குறுக்கோட்டத்தில் ஆண் பிள்ளைகளை முந்துகிறார்கள். மாவட்ட அளவுக்குப் போகிறார்கள். சிலர் மாநில அளவுக்கும் போகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் இரண்டு ஆண்டுகள் ஓடுகிறார்கள். மூன்றாம் படிவம் வந்ததும் அந்தப் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. ஏன் என்று கேட்டால் நான்கு பதில்கள் வரும். "எஸ்.பி.எம். இருக்கிறது." "ஏற்றி இறக்க ஆள் இல்லை." "வயசுப் பிள்ளை, வெளியூர் எப்படி அனுப்புவது?" கடைசியாக, "இதெல்லாம் சோறு போடுமா?"

இந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும்.

பினாங்கிலிருந்து ஒரு சிறுமி

நிக்கோல் டேவிட் 1983-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தை இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பொறியியலாளர். தாயார் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆசிரியை. மாட மாளிகைக் குடும்பம் அல்ல, சம்பளக்காரக் குடும்பம். அக்காமார் இருவரும் சுவர்ப்பந்து ஆடினார்கள். அவர்களுக்குப் பின்னால் சின்னவரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் ஆடப் பழகிய புக்கிட் டும்பார் மையத்துக்கு இன்று அவருடைய பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு எட்டும் தூரத்தில் பொதுமக்களுக்கான ஆடுகளம் ஒன்று இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

1998-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டி நடந்தது. சுவர்ப்பந்து அந்தப் போட்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அப்போதுதான். அதே ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியிலும் அது முதன்முறையாக இடம்பெற்றது. அங்கே பெண்கள் ஒற்றையர் பிரிவில் தங்கம் வென்றவர் நிக்கோல். வயது 15. நம் வீட்டுப் பிள்ளைகளை "போதும், நிறுத்து" என்று நாம் சொல்லும் அதே மூன்றாம் படிவ வயது. 1999-லும் 2001-லும் உலக இளையோர் பட்டத்தை வென்றார்.

இதோடு கதை நேராக மேலே போயிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இளையோர் பிரிவில் வென்றவர் பெரியவர்களோடு மோதும்போது முதல் சில ஆண்டுகள் அடி விழும். 2002 ஆசியப் போட்டியில் அவர் தங்கத்தைக் கோட்டைவிட்டு வெள்ளியோடு திரும்பினார். அதன் பிறகு ஊரையும் உறவையும் விட்டு ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். அங்கே ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீராங்கனை லிஸ் இர்விங்கிடம் பயிற்சி பெற்றார். இருபது வயதுகூட நிரம்பாத பெண், குளிர் நாட்டில் தனியே தங்கி, அன்றாடம் ஒரே அடியை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அடித்தார். அதைத் தவம் என்றே சொல்ல வேண்டும்.

பலன் 2005-இல் வந்தது. ஹாங்காங்கில் தமது முதல் உலகப் பட்டத்தை வென்றார். 2006 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். இடையில் சில மாதங்கள் அதை இழந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் பிடித்தார். அதன்பின் 2015 செப்டம்பர் வரை அந்த இடத்தை விடவில்லை. தொடர்ந்து 108 மாதங்கள்! 2005, 2006, 2008, 2009, 2010, 2011, 2012, 2014 என எட்டு உலகப் பட்டங்கள். ஐந்து பிரிட்டிஷ் பொதுப் பட்டங்கள். 2010-லும் 2014-லும் காமன்வெல்த் தங்கம். ஆசியப் போட்டி ஒற்றையரில் ஐந்து தங்கம்.

அந்த எட்டாவது உலகப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் எகிப்தின் கெய்ரோவில் நடந்த இறுதியாட்டம் அது. எதிரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி. அரங்கம் முழுக்க அவருடைய ஆதரவாளர்கள். நிக்கோல் 1-2 என்று பின்தங்கியிருந்தார். நான்காவது செட்டில் 6-10. எதிராளிக்கு ஒரே ஒரு புள்ளி போதும், நான்கு வாய்ப்புகள் கையில் இருந்தன. நான்கையும் நிக்கோல் ஒவ்வொன்றாகத் தடுத்தார். அந்த செட்டை 14-12 என்று பறித்தார். ஐந்தாவதையும் வென்றார். 31 வயதில் அந்த மூச்சு எங்கிருந்து வந்தது? பதினைந்து வயதில் யாரும் அவரை "போதும்" என்று நிறுத்தவில்லை என்பதிலிருந்து வந்தது.

2019-இல் ஓய்வு பெற்றார். 2021-இல் உலக விளையாட்டுப் போட்டிகளின் எக்காலத்துக்கும் சிறந்த வீரர் என்று உலகெங்கும் உள்ள ரசிகர்களின் வாக்கெடுப்பில் தேர்வானார். ஒலிம்பிக் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. வென்ற உலகப் பட்டங்களை ஓர் ஒலிம்பிக் தங்கத்துக்காக விட்டுக்கொடுக்கவும் தயார் என்று அவர் சொன்னதுண்டு. 2012, 2016, 2020 ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சுவர்ப்பந்து தட்டிய கதவு திறக்கவில்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் அதைச் சேர்க்க முடிவெடுத்தது. நிக்கோல் தட்டிய கதவின் வழியே இனி அடுத்த தலைமுறை நுழையப் போகிறது.

இந்தத் தொழிலின் சம்பளச் சீட்டு

சரி, இப்போது சோற்றுக்கு வருவோம். தொழில்முறைச் சுவர்ப்பந்து என்பது மாதச் சம்பளம் தரும் வேலை அல்ல. உலகச் சுற்றுப் போட்டிகள் படிப்படியாக இருக்கின்றன. கீழ்ப்படியில் உள்ள போட்டிகளில் எல்லாருக்கும் சேர்த்து மொத்தப் பரிசே சில ஆயிரம் அமெரிக்க டாலர்தான். அதில் முதல் சுற்றில் தோற்றவருக்கு விமான டிக்கெட் காசுகூடத் தேறாது. அங்கே ஆடுவது பணத்துக்காக அல்ல, புள்ளிக்காக. புள்ளி சேர்ந்தால் தரவரிசை உயரும். தரவரிசை உயர்ந்தால் பெரிய போட்டிகளில் இடம் கிடைக்கும். அங்கேதான் வருமானம். அந்த உயரத்துக்கு வரும்வரை மாநில அரசோ, தேசிய விளையாட்டு மன்றமோ, ஆதரவு தரும் நிறுவனமோ, குடும்பமோ தாங்கிப்பிடிக்க வேண்டும். முதல் பத்து, இருபது இடங்களில் இருப்பவர் நன்றாக வாழலாம். நூறாவது இடத்தில் இருப்பவர் கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். இதை மறைத்துப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் துரோகம்.

பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒரே ஆடுகளம், ஒரே பந்து, ஒரே வியர்வை, ஆனால் பரிசு மட்டும் ஆணுக்கு அதிகம். சென்னையில் வளர்ந்த தீபிகா பள்ளிக்கல் இதை ஏற்கவில்லை. 2012 முதல் 2015 வரை இந்தியத் தேசிய வெற்றியாளர் போட்டியைப் புறக்கணித்தார். 2016-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு என்று ஆன பிறகுதான் திரும்ப வந்து ஆடி, பட்டத்தையும் வென்றார். 2013 அமெரிக்கப் பொதுப் போட்டி இருபாலருக்கும் ஒரே பரிசை வழங்கியது. அந்த ஆண்டு அங்கே பெண்கள் பட்டத்தை வென்றவர் நம் நிக்கோல். இன்று பெரிய போட்டிகளில் சம பரிசு வழக்கமாகிவிட்டது. கேட்டதால் கிடைத்தது. கேட்காமல் யாரும் கொடுக்கவில்லை.

படிப்பு, கல்யாணம், விபத்து

"படிப்பு கெட்டுவிடும்" என்பது அடுத்த அச்சம். கெடாவைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியத்தைப் பாருங்கள். 1999-இல் பிறந்தவர். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் ஒற்றையர் இறுதியாட்டத்தில் 35 வயது நிக்கோலும் 19 வயது சிவசங்கரியும் மோதினார்கள். தங்கம் மூத்தவருக்கு, வெள்ளி இளையவருக்கு. இரண்டும் மலேசியாவுக்கு! அதன் பிறகு சிவசங்கரி அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். உலகத்தின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. அமெரிக்காவில் பேர்பெற்ற பல கல்லூரிகளுக்குச் சுவர்ப்பந்துக் குழுக்கள் இருக்கின்றன. நல்ல தேர்ச்சியும் நல்ல ஆட்டமும் சேர்ந்தால் கதவு திறக்கும். அவருக்கு மட்டை படிப்பைக் கெடுக்கவில்லை, படிப்புக்கு வழி காட்டியது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளியில் இடம் தவறியது என்று அழுத எத்தனை குடும்பங்களை நமக்குத் தெரியும்! அந்தப் பத்தில் எத்தனை புள்ளிகளை மூன்றாம் படிவத்தில் திடலிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று நாம் எண்ணிப் பார்த்தோமா?

அதே சிவசங்கரி 2022 ஜூனில் சாலை விபத்தில் சிக்கினார். முகத்திலும் கழுத்திலும் பலத்த காயம். அந்த ஆண்டின் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. இனி ஆடுவாரா என்று பலர் கேட்டார்கள். 2023-இல் சீனாவின் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கமும் குழுத் தங்கமும் வென்றார். 2024-இல் லண்டன் போட்டியின் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வீழ்த்திப் பட்டம் வென்றார். உலகின் முதல் பத்து இடங்களுக்குள்ளும் நுழைந்தார். எழுந்து நிற்க முடியும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. தோற்றுத் தோற்று ஆடிய ஆயிரம் ஆட்டங்கள் சொல்லித் தந்தன.

"கல்யாணம் என்றால்?" என்று இங்கே முன்வரிசையில் ஓர் அம்மா கேட்பது போல் எனக்குத் தோன்றுகிறது. முன்பு சொன்ன தீபிகா 2015-இல் கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கை மணந்தார். 2021-இல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார். ஆறே மாதத்தில், 2022 ஏப்ரலில், கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என இரண்டு பட்டங்களையும் வென்றார். 2023 ஆசியப் போட்டியில் கலப்பு இரட்டையர் தங்கமும் அவருக்கே. அந்த இறுதியில் தோற்றது நம் மலேசிய இணைதான், இருந்தாலும் பாராட்டத்தான் வேண்டும்! பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் தாயும் ஆடலாம். கேள்வி பெண்ணைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது.

நம் பாலில் உருண்ட பந்து

"இது பணக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்பார்கள். சுவர்ப்பந்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பிறந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்புகளோடு அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். துரைமார் ஆடியபோது நம் ஆட்கள் வெளியே நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பந்து எதனால் ஆனது? ரப்பரால். நான்கு சென்டிமீட்டர் குறுக்களவு, 24 கிராம் எடை, அவ்வளவுதான். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டிய நம் பாட்டிமார் இல்லாமல் உலகத்துக்கு ரப்பர் ஏது? பந்துக்குப் பால் கொடுத்த சமூகம் மட்டையைத் தொடத் தயங்கலாமா?

அந்தப் பந்தில் ஒரு விசேஷம் உண்டு. குளிர்ந்து கிடந்தால் அது எழும்பாது. தரையில் போட்டால் சப்பென்று விழும். திரும்பத் திரும்பச் சுவரில் அடித்துச் சூடேற்றினால்தான் துள்ளும். நம் பிள்ளைகளும் அப்படித்தான். சூடேறி வரும் வேளையில் நாம் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறோம்.

செய்ய வேண்டியது என்ன?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது நம் பழமொழி. நிக்கோலுக்கு வீட்டருகே ஒரு பொது ஆடுகளம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? கோலசிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளை முறையான பயிற்சிக்கு ஷா ஆலாம், புக்கிட் ஜாலில் என்று கிளம்ப வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். திறமை இல்லாததால் அல்ல, வண்டி இல்லாததால் நின்றுபோன பிள்ளைகளே அதிகம். ஆகவே நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊர்க் கோயில் நிர்வாகமும் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் ஏற்பாடு செய்யட்டும். திருவிழாவில் ஒரு வேளை உபயச் செலவு, பல மாதங்களுக்கு எண்ணெய்க் காசாகும். அம்மனுக்கும் அது பிடிக்கும்.

இரண்டு, கூடவே ஒரு பெண் பொறுப்பாளர் போகட்டும். ஆசிரியையோ, பிள்ளையின் அத்தையோ, மணிமன்ற மகளிர் பிரிவினரோ யாராயினும் சரி. பெற்றோரின் பயத்தில் பாதி அங்கேயே தீரும்.

மூன்று, விளையாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஆறாம் ஆண்டிலேயே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் இயங்கி வருகிறது. விண்ணப்ப நாள் முடிந்த பிறகு வருந்திப் பயனில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்கள் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நான்கு, உலக வீராங்கனையாக்குகிறேன் என்று தொடங்காதீர்கள். நூறு பேர் ஆடினால் ஒருவர் நாட்டுக்கு ஆடுவார். மற்ற தொண்ணூற்று ஒன்பது பேர் பயிற்றுநராக, விளையாட்டு ஆசிரியையாக, உடற்பயிற்சி மருத்துவராக, நடுவராக வரலாம். எதுவுமே ஆகாவிட்டாலும், தோல்வியைத் தாங்கத் தெரிந்த, தனியே பயணம் செய்யத் தெரிந்த, தன் உடம்பைக் காக்கத் தெரிந்த பெண்ணாக வருவார். அது சிறிய வருமானமா?

நிக்கோல் டேவிட் ஓய்வுக்குப் பிறகு தமது பெயரில் ஓர் அமைப்பை நிறுவி, வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சுவர்ப்பந்தும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்றுத் தருகிறார். எல்லாரும் உலக வெற்றியாளராவார்கள் என்பதற்காக அல்ல. ஆட்டமும் படிப்பும் ஒன்றை ஒன்று தாங்கும் என்பது அவர் வாழ்ந்து கண்ட பாடம்.

மட்டை பிடித்த கை சோறு போடுமா என்று கேட்டீர்கள். சிலருக்கு நிறையப் போடும், பலருக்கு ஓரளவு போடும், யாரையும் வெறுங்கையாக அனுப்பாது. இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு வீட்டில், நாளைக்குப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்கத் தயங்கிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்பதற்கு முன்னால் நீங்களே கேளுங்கள்: "எத்தனை மணிக்கம்மா பயிற்சி?"